மகளுக்கு லேப்டாப்: நான்காம் வருஷத்தை மனதில் வைத்து வாங்குங்கள்

வந்த கேள்வி இது: "கோவில்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். மகளுக்குக் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கப் போகிறாள். லேப்டாப்புக்கு 45,000 ஒதுக்கி வைத்திருக்கிறேன், இழுத்துப் பிடித்தால் 50,000. ஒரு கடையில் பழைய லேப்டாப், ஐ7, 16 ஜிபி ரேம், 24,000 என்கிறார்கள். இன்னொரு கடையில் புதுசு, ரைசன் 5, 8 ஜிபி, 38,000. சொந்தக்காரப் பையன் கேமிங் லேப்டாப்தான் வாங்க வேண்டும் என்கிறான். எதை வாங்க?"

அண்ணாச்சி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஐ7 வேண்டாம். அந்த ரைசன் 5-ஐ மாடல் எண் பார்க்காமல் தொடாதீர்கள். கேமிங் லேப்டாப் உங்கள் மகளுக்குத் தேவையே இல்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். காரணம் பிடிபட்டுவிட்டால் எந்தக் கடைக்காரர் எந்த மாடலை எடுத்துப் போட்டாலும் நீங்களே பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

நான் திருநெல்வேலியில் 17 வருஷமாக லேப்டாப் பழுது பார்க்கிறேன். விற்பனை கிடையாது, சர்வீஸ் மட்டும். அதனால் லேப்டாப்பின் முதல் நாளை நான் பார்ப்பதில்லை. மூன்றாம் வருஷத்தைத்தான் பார்க்கிறேன். கல்லூரியில் சேரும்போது வாங்கியது, ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் என் மேஜைக்கு வரும். "அண்ணா, ரொம்ப ஸ்லோவா இருக்கு", "அண்ணா, மூடி தனியா வந்துருச்சு", "அண்ணா, சார்ஜ் அரை மணி நேரம் கூட நிக்கல." அந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பதில் இரண்டே விதம்தான். ஒன்று, "விடு, மாத்திரலாம்." இன்னொன்று, "இதை மாத்த முடியாதுப்பா." இரண்டாவது பதிலைச் சொல்லும்போது அந்தப் பிள்ளையின் முகம் போகிற போக்கைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருஷத்தில் உங்கள் மகள் படிக்கப் போவது பெரும்பாலும் பைத்தானும் சி-யும், இரண்டும் புரோகிராம் எழுதும் மொழிகள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதலில் பைத்தான், அடுத்து சி என்று இருந்தது. எது முதலில் என்பது பாடத்திட்டத்தைப் பொறுத்து மாறலாம். இந்த இரண்டையும் எந்த லேப்டாப்பிலும் எழுதலாம், பத்து வருஷப் பழையதிலும் ஓடும். ஆனால் மூன்றாம் வருஷம் வந்ததும் கதை வேறு. மொபைல் ஆப் செய்யச் சொல்வார்கள். ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவும், லேப்டாப்புக்குள்ளேயே ஒரு போன் போல ஓடும் எமுலேட்டரும் சேர்ந்தால் ரேமை, அதாவது ஓடும் வேலைகளை வைத்துக்கொள்ளும் நினைவகத்தை, குடித்துத் தீர்த்துவிடும். ஒரு பக்கம் டேட்டாபேஸ், ஒரு பக்கம் சர்வர், குரோமில் முப்பது டேப். ஆறாவது ஏழாவது செமஸ்டரில் பிளேஸ்மென்ட். கம்பெனிகள் ஆன்லைனில் பரீட்சை வைக்கும்; கேமரா, மைக் இரண்டும் நிற்காமல் ஓட வேண்டும், நடுவில் லேப்டாப் உறைந்து நின்றால் அந்த வாய்ப்பு போனதுதான். ஆக, லேப்டாப் மூன்று வயசாகித் தளரும் நேரத்தில்தான் அவளுக்கு அது மிக அவசியமாகத் தேவைப்படும். அந்த நேரத்தில் இன்னொன்று வாங்கித் தரும் நிலையில் எத்தனை அப்பாக்கள் இருக்கிறோம்?

அதனால் என் கணக்கு இது: பின்னால் மாற்றவே முடியாத பாகத்துக்குப் பணத்தைப் போடுங்கள். மாற்றக்கூடியதில் மிச்சம் பிடியுங்கள். பிராசசர் (லேப்டாப்பின் மூளை), ஸ்கிரீனின் தரம், உடம்பு, ஹிஞ்ச் (மூடியின் கீல்), போர்டோடு ஒட்டிவரும் ரேம், இவை வாங்கின அன்றைக்கு எப்படியோ கடைசி வரை அப்படியேதான். எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமிக்கும் டிஸ்க்), பேட்டரி, ஸ்லாட்டில் செருகும் ரேம், இவற்றைப் பின்னால் என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

பிராசசரிலிருந்து தொடங்குவோம். அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

இன்டெல் கம்பெனியின் ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் பஸ்ஸில் போட்டிருக்கும் பெயர்ப்பலகை மாதிரி. பஸ் எந்த வருஷம் வந்தது, என்ஜின் எப்படி என்பதை அது சொல்லாது. அந்த 24,000 ரூபாய் ஐ7-இன் முழு மாடல் எண்ணை நீங்கள் எழுதவில்லை. அந்த விலைக்குப் பழைய சந்தையில் கிடைக்கும் ஐ7 பலவும் 6வது, 7வது தலைமுறை. உதாரணத்துக்கு ஐ7-7500யு. 2016-இல் வந்தது, அதற்குள் இருப்பது இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் மூளைப் பகுதி இரண்டுதான். 2022-இல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு கோர் இருக்கிறது. பெயரில் சின்னது, வேலையில் அந்த ஐ7-ஐத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இன்னொரு பெரிய சிக்கலும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக இன்டெல் 8வது தலைமுறையிலிருந்துதான் ஓடும். 7வது தலைமுறையில் குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்று கடையில் சொல்வார்கள், ஏற்றியும் தருவார்கள். ஆனால் பின்னால் ஏதாவது ஒரு பெரிய அப்டேட்டில் தகராறு வந்தால் மைக்ரோசாஃப்ட் பொறுப்பேற்காது. நான்கு வருஷம் ஓட வேண்டிய வண்டியில் அந்தப் பந்தயம் கட்டக் கூடாது.

இன்டெல் எண்ணைப் படிப்பது எளிது. ஐ5-1235யு என்றால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை, அதாவது 12. ஐ5-1334யு என்றால் 13. கடைசி எழுத்து யு என்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும், பேட்டரி நிற்கும். எச் என்றால் வேகம் கூடுதல், சூடும் கூடுதல், பேட்டரி சீக்கிரம் இறங்கும். உங்கள் மகளுக்கு இரண்டுமே ஒத்துவரும். நாளெல்லாம் வகுப்பிலும் லைப்ரரியிலும் சார்ஜர் இல்லாமல் இருப்பாள் என்றால் யு-வைப் பாருங்கள். இப்போது 'ஐ' எழுத்தை எடுத்துவிட்டு கோர் 3, கோர் 5 என்றும் வருகிறது. கோர் 3 100யு, கோர் 5 120யு என்பவை உள்ளுக்குள் 13வது தலைமுறையின் நெருங்கிய சொந்தம்தான். புதுப் பெயரைப் பார்த்துக் கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம், பழசு என்று ஒதுக்கவும் வேண்டாம்.

ஐ3-என்305 என்று ஒன்று உண்டு. எண்ணுக்கு முன்னால் 'என்' வந்தால் அது வேறு ரகம். எட்டு கோர் என்று விளம்பரம் செய்வார்கள், எட்டுமே சின்னக் கோர்கள். பில் போடும் கடைக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அது தாராளம். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பெண்ணுக்கு நான்கு வருஷத்துக்குப் போதாது. செலரான், என்100, என்200 எல்லாமே இதே வரிசையில் ஒதுக்க வேண்டியவை.

இப்போது அந்த 38,000 ரூபாய் ரைசன் 5. இதை மட்டும் கவனமாகப் படியுங்கள், அண்ணாச்சி. ரைசன் செய்யும் ஏஎம்டி கம்பெனியின் 7000 வரிசையில் நான்கு இலக்க எண் வரும். முதல் இலக்கம் அந்த வரிசை வெளிவந்த வருஷத்துக்கானது, பார்க்கப் புதுசாகத் தெரியும். உண்மையான வயசைச் சொல்வது மூன்றாவது இலக்கம். ரைசன் 5 7520யு-வில் மூன்றாவது இலக்கம் 2. அப்படியென்றால் 2019-இல் வந்த ஜென் 2 (Zen 2) என்ற பழைய வடிவமைப்பு, கோர் நான்குதான். ரைசன் 5 7530யு-வில் மூன்றாவது இலக்கம் 3. அது ஜென் 3, கோர் ஆறு. எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு இலக்கம்தான் வித்தியாசம், இரண்டின் மேலும் 'ரைசன் 5' என்ற ஸ்டிக்கர்தான் ஒட்டியிருக்கும். ஆனால் இரண்டும் வேறு வேறு சாதி. அதோடு 7520யு-வில் போடும் ரேமை எப்போதுமே போர்டோடு வைத்து ஒட்டிவிடுவார்கள், பின்னால் கூட்ட முடியாது. 8 ஜிபி-யோடு வாங்கினால் நான்கு வருஷமும் 8 ஜிபிதான். கடையில் காட்டியது 7520யு என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். 7530யு என்றால் உட்கார்ந்து பேசலாம்.

ரேமைப் பற்றி இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால், "8 ஜிபி-யோடு வாங்குங்க, ரெண்டாம் வருஷம் இன்னொரு 8 போட்டுக்கலாம், செலவு பெருசா இருக்காது" என்று நானே சொல்லியிருப்பேன். பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். அது இப்போது செல்லாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகமெங்கும் டேட்டா சென்டர்கள் கட்டுகிறார்கள். மெமரி சிப் செய்யும் கம்பெனிகள் சரக்கை அந்தப் பக்கம் திருப்பிவிட்டன. மைக்ரான் கம்பெனி சில்லறை வாடிக்கையாளர்களுக்கான தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. நான் வாங்கிப் போட்ட ரேம்களில் பாதிக்கு மேல் அந்தப் பிராண்டுதான். ஆகவே 16 ஜிபி லேப்டாப்புக்கும் 8 ஜிபி லேப்டாப்புக்கும் உள்ள விலை வித்தியாசத்தையும், தனியாக ஒரு 8 ஜிபி ரேம் இன்றைக்கு என்ன விலை என்பதையும் அருகருகே எழுதிப் பாருங்கள். தனி ரேம் விலைக்குப் பக்கத்தில் வந்தால் 16 ஜிபி-யாகவே வாங்கிவிடுவது புத்திசாலித்தனம். அது வாரண்டியிலும் அடங்கிவிடும்.

16 ஜிபி உங்கள் பட்ஜெட்டுக்குள் சிக்கவில்லையென்றால் 8 ஜிபி எடுங்கள், ஆனால் காலி ஸ்லாட் இருக்க வேண்டும். இதைக் கடைக்காரர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம், பல பேருக்குத் தெரியாது. ஸ்பெசிஃபிகேஷனில் ரேம் வகையைப் பாருங்கள். டிடிஆர் என்பதற்கு முன்னால் 'எல்பி' என்ற இரண்டு எழுத்து இருந்தால், அதாவது எல்பிடிடிஆர்5 என்றிருந்தால், இந்த விலையில் உள்ள லேப்டாப்பில் அது போர்டோடு ஒட்டினதுதான். வெறும் டிடிஆர்4, டிடிஆர்5 என்றிருந்தால் ஸ்லாட் இருக்க வாய்ப்புண்டு. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த மாடலுக்கு எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு ரேம் என்று போட்டிருப்பார்கள். விண்டோஸ் 11 சும்மா திறந்து நிற்பதற்கே மூன்று நான்கு ஜிபி எடுத்துக்கொள்ளும். 8-இல் மிச்சம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 4 ஜிபி-யில் இன்னமும் புது லேப்டாப் விற்கிறார்கள். கண்ணெடுத்தும் பார்க்காதீர்கள்.

எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 512 ஜிபி போதும். திறந்து பார்த்தால் 476 என்று காட்டும், குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், கணக்கிடும் முறை அப்படி. ஈஎம்எம்சி (எஸ்எஸ்டி-யை விட மெதுவான சேமிப்பு) என்று எழுதியிருந்தால் மட்டும் விலகுங்கள்.

என் மேஜைக்கு அதிகம் வரும் பழுது ஸ்லோ இல்லை, அண்ணாச்சி, ஹிஞ்ச். மூடியையும் உடம்பையும் சேர்க்கும் கீல். விலை குறைந்த லேப்டாப்களில் கீலின் ஸ்குரூ போய் உட்காருவது பித்தளைக் குட்டி நட்டில். அந்த நட்டைப் பிளாஸ்டிக்கில் சூடேற்றிப் பதித்திருப்பார்கள். கீல் இறுகலாக இருந்து பிளாஸ்டிக் மெல்லிசாக இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த நட்டைப் பிடுங்கி எடுக்கிற மாதிரி ஒரு இழுப்பு. ஒரு நாள் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு மூலையைப் பிடித்துத் திறக்கும் பழக்கம் இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். சில மாதங்களுக்கு முன் இரண்டாம் வருஷப் பெண் ஒருத்தி கொண்டுவந்தாள். வேகத்தில் குறையே இல்லாத மெஷின், கீல் பிய்ந்து ஸ்கிரீன் கேபிளையும் அறுத்துவிட்டது. மூடி, ஃபிரேம், கேபிள் மூன்றும் மாற்ற வேண்டியிருந்தது. வாரண்டியில் கேட்டதற்கு, வாடிக்கையாளர் உடைத்தது என்று சொல்லி மறுத்துவிட்டார்களாம்.

ஆகவே கடையில் கட்டாயம் கையில் எடுத்துப் பாருங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், நான்கு வருஷம் தட்டப் போவது அவள்தான். மூடியை நடுவில் ஒரு விரலால் தூக்கினால் அடிப்பாகம் கூடவே எழும்பாமல் திறக்க வேண்டும். திறந்தபின் கீல் பக்கத்துப் பிளாஸ்டிக்கை அழுத்திப் பாருங்கள், நெளிகிறதா? கீபோர்டின் நடுவில் கொஞ்சம் அழுத்தித் தட்டச் சொல்லுங்கள், குழிகிறதா? கீபோர்டில் வெளிச்சம் வருகிறதா என்றும் கேளுங்கள். ஹாஸ்டல் அறையில் கூட இருப்பவர்கள் தூங்கியபின் லைட் போட முடியாது, அப்போது அதன் அருமை தெரியும். கையில் எடுக்காமல் ஆன்லைனில் வாங்குவதென்றாலும் அதே மாடலைக் கடையில் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஸ்கிரீனில் ஒரு சோதனை. திறந்து வைத்துக்கொண்டு கீழிருந்து மேலாகவும் பக்கவாட்டிலும் பாருங்கள். நிறம் மங்கி, கறுப்பு வெளுப்பாகத் திரிந்து தெரிந்தால் அது டிஎன் பேனல். ஐபிஎஸ் என்றால் எந்தப் பக்கம் பார்த்தாலும் நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இந்த விலையில் 250 நிட்ஸ் வெளிச்சம்தான் பெரும்பாலும் வரும்; அறைக்குள் போதும், ஜன்னலோரம் வெயிலடித்தால் சிரமம். 300 கிடைத்தால் நல்லது. அளவு 14 இன்ச்சா 15.6 இன்ச்சா என்பதை மகளே சொல்லட்டும். தினமும் ஹாஸ்டலிலிருந்து பிளாக்குக்குத் தூக்கி நடப்பவளுக்கு ஒன்றரைக் கிலோவைத் தாண்டாத 14 இன்ச் தோளுக்கு நல்லது.

பேட்டரிக்கு 'பத்து மணி நேரம்' என்று அட்டையில் போட்டிருப்பதை விட்டுவிடுங்கள். வாட்-அவர் என்ற எண்ணைப் பாருங்கள். சாதாரண வேலையில் லேப்டாப் எட்டிலிருந்து பத்து வாட் வரை குடிக்கும். 42 வாட்-அவர் பேட்டரி என்றால் நாலிலிருந்து ஐந்து மணி நேரம். 50-க்கு மேல் என்றால் ஐந்தைத் தாண்டும். வகுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். டைப்-சி வழியாக சார்ஜ் ஏறுமா என்பதையும் கேளுங்கள். ஏறுமென்றால், அடாப்டர் போனாலும் தோழியின் 65 வாட் சார்ஜரை வாங்கி அன்றைய வேலையை முடித்துவிடலாம்.

சொந்தக்காரப் பையன் சொல்லும் கேமிங் லேப்டாப்புக்கு வருகிறேன். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர் பிள்ளைகளுக்கு, முப்பரிமாண மாடல் செய்பவர்களுக்கு, வீடியோ எடிட் செய்பவர்களுக்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு உதவும். உங்கள் மகள் எழுதப் போவது கோட். ஏஐ, மெஷின் லேர்னிங் படிக்கணுமே என்பார்கள். கூகுள் கோலாப் என்ற இணையத் தளத்தில் இலவசமாகவே ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டின் சக்தி, கிடைக்கிறது, கல்லூரிப் பாடத்துக்கும் புராஜெக்ட்டுக்கும் பெரும்பாலும் அதுவே போதும். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், அடாப்டரே செங்கல் மாதிரி. பேட்டரி இரண்டு மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேல், 50,000 ரூபாய்க்குள் கேமிங் என்று வருவதில் ஸ்கிரீனிலும் உடம்பிலும் கை வைத்துத்தான் அந்தக் கார்டுக்கு விலை தேடியிருப்பார்கள்.

இனி பழைய லேப்டாப். 24,000 ரூபாய்க்கு அந்த ஐ7 வேண்டாம் என்றேனே தவிர, பழசே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் பிசினஸ் லேப்டாப்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கோவையிலும் மதுரையிலும் கிடைக்கின்றன. லெனோவோ திங்க்பேட் டி14 இரண்டாம் ஜென் (Gen 2), டெல் லாட்டிடியூட் 5420, ஹெச்பி எலைட்புக் 840 ஜி8, இவை 11வது தலைமுறை இன்டெலோடு வந்தவை. கீல், கீபோர்டு எல்லாம் புது 40,000 ரூபாய் லேப்டாப்பை விட உறுதியானவை, பழுது பார்ப்பதும் எளிது. என் சொந்த மகன் படிப்பது இந்த ரகத்தில் ஒன்றில்தான். பட்ஜெட் 30,000-க்குள் நின்றிருந்தால் உங்களுக்கும் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன். 45,000 இருப்பதாலும், மகள் வெளியூரில் தனியாக இருக்கப் போவதாலும், வாரண்டியோடு புதுசு வாங்குவது உங்களுக்கு நிம்மதி.

ஒருவேளை பழசு என்று முடிவெடுத்தால், கடையிலேயே மூன்று காரியம் செய்யச் சொல்லுங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள்; புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது எவ்வளவு என்று இரண்டு எண் வரும், பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் பேட்டரி மாற்றித் தரச் சொல்லி விலை பேசுங்கள். பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் வரும் அடிப்படை செட்டிங் திரை) திறக்கும்போது பாஸ்வேர்டு கேட்கக் கூடாது. கடைசியாக, இணையத்தோடு இணைத்து விண்டோஸை ரீசெட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ரீசெட் முடிந்ததும் ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி அவர்கள் மெயிலைக் கேட்டால், அந்த மெஷின் இன்னமும் அந்தக் கம்பெனிக் கணக்கிலிருந்து விடுபடவில்லை என்று அர்த்தம். அதை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அவசரம் வேண்டாம். கவுன்சிலிங் முடிந்த கையோடு வாங்கியாக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. கல்லூரி திறந்து ஒரு மாதம் போகட்டும், லேபில் கம்ப்யூட்டர் இருக்கும். சீனியர்களிடமும் துறை ஆசிரியர்களிடமும் என்ன மென்பொருள் ஓட வேண்டும் என்று மகள் கேட்டுத் தெரிந்துகொண்டபின் வாங்கினால் தவறு நேராது. சுதந்திர தின விற்பனை, ஆயுத பூஜை, தீபாவளிச் சலுகை எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. சில கல்லூரிகள் தாங்களே மொத்தமாக லேப்டாப் வாங்கித் தருகிறோம், கட்டணத்தோடு கட்டுங்கள் என்பார்கள். அதைக் கட்டுமுன் மாடல் எண்ணை எழுத்தில் வாங்கி, மேலே சொன்னபடி படித்துப் பாருங்கள். இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்கும் ஒன்று சொல்லிவைக்கிறேன். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. பிள்ளை அரசுக் கல்லூரியில் சேர்கிறது என்றால் கடன் வாங்கிப் புதுசு வாங்குமுன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கல்விக் கடன் எடுக்கிறீர்களா, அண்ணாச்சி? எடுக்கிறீர்கள் என்றால் வங்கியில் லேப்டாப்பையும் சேர்த்துக் கேளுங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே, படிப்புக்குத் தேவையென்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவைச் சேர்க்கலாம் என்று இருக்கிறது. 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்று கடையில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். செயலாக்கக் கட்டணமும், வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் பல கார்டுகளில் உங்கள் தலையில்தான் விழும். ரொக்க விலை எவ்வளவு என்று தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

வாங்கும் அன்று சீல் உடையாத பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியிலுள்ள சீரியல் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். குடோனில் கிடந்த சரக்கென்றால் நீங்கள் வாங்குமுன்பே வாரண்டி ஓடத் தொடங்கியிருக்கும். பில்லை அனுப்பினால் திருத்தித் தருவார்கள், அதை முதல் வாரத்திலேயே செய்துவிட வேண்டும். பணம் மிச்சமிருந்தால் கூடுதல் வருஷ வாரண்டியை விட, கீழே விழுந்தாலும் தண்ணீர் கொட்டினாலும் சரிசெய்து தரும் பாதுகாப்புத் திட்டத்துக்குக் கொடுங்கள். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நடப்பது அதுதான். ஒரே பையில் தண்ணீர் பாட்டிலையும் லேப்டாப்பையும் வைக்கக் கூடாது என்று மட்டும் மகளிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள். கீபோர்டு வழியாகத் தண்ணீர் இறங்கிய போர்டுகளை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது, இதில் பலருடைய நான்கு வருஷ உழைப்பு போயிருக்கிறது. புது லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்யும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும். நேரம் மிச்சமாகட்டும் என்று கடைப் பையன் தன்னுடைய மெயிலைப் போட்டுத் திறந்து கொடுத்துவிடுவான். இப்போதைய விண்டோஸ் 11, டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டைத் திறக்கும் ரெகவரி கீ, முதலில் போட்ட அந்தக் கணக்கில்தான் போய் உட்காரும். இரண்டு வருஷம் கழித்துப் போர்டு பழுதாகியோ அப்டேட் தடுக்கியோ அந்தக் கீயைக் கேட்கும்போது கடைப் பையனை எங்கே தேடுவது? என்னாலும் திறக்க முடியாது, வேறு யாராலும் முடியாது. ஒரு இறுதியாண்டுப் பையனின் புராஜெக்ட் முழுவதும் அப்படிப் போனது, அழுதுகொண்டே போனான். அதனால் மகளின் சொந்த மெயிலை, அவளே பாஸ்வேர்டு போட்டு, அவளே திறக்கட்டும். அந்த ரெகவரி கீயை எடுத்து ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள். புராஜெக்ட்டை வாரம் ஒருமுறை கூகுள் டிரைவிலோ, கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பிலோ ஏற்றிவிடும் பழக்கத்தை முதல் செமஸ்டரிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் சேர்த்து உங்கள் 45,000-க்கு நான் தேடுவது இதுதான்: ஐ5 12வது அல்லது 13வது தலைமுறை, இல்லையென்றால் ரைசன் 5 7530யு, 16 ஜிபி ரேம், கிடைக்காவிட்டால் 8 ஜிபி-யும் காலி ஸ்லாட்டும், 512 ஜிபி எஸ்எஸ்டி, ஐபிஎஸ் ஸ்கிரீன். விலை அன்றாடம் மாறுவதால் ஒரே மாடலைக் கைகாட்ட எனக்கு மனசில்லை. ஐ5-உம் 16 ஜிபி-யும் சேர்ந்து பட்ஜெட்டுக்குள் வரவில்லையென்றால் ஐ3-1315யு-வோடு 16 ஜிபி வருகிறதா என்று பாருங்கள். 8 ஜிபி-யில் அடைபட்ட ஐ5-ஐ விட மூன்றாம் வருஷத்தில் அது நன்றாகவே ஓடும்.

அந்த இரண்டாவது கடைக்கு மறுபடி போனால், ரைசன் லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் பெட்டியின் பக்கவாட்டு லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மூன்றாவது இலக்கம் என்ன, ஸ்லாட் உண்டா இல்லையா என்று பார்த்து அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.